மூஞ்சூறுக்கு டிரில் பேட்டரி

பொம்மையைச் சின்னப் பிள்ளை கையில் கொடுத்தால் பொம்மை உடையும். பெரிய ஆள் கையில் கொடுத்தால் வீடு உடையும். இது நான் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை.

என் தொழில் சுவரில் ஓட்டை போடுவது. புனேயில் புதுக் கட்டடம் எழும்ப எழும்ப எனக்கு வேலை. கர்ட்டன் ராடு, டிவி ஸ்டாண்டு, பாத்ரூம் கண்ணாடி. காலையில் ஏரவாடாவில் பைக்கை எடுத்தால் ஹிஞ்சேவாடி போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் டிராஃபிக்கில் போய்விடும். மீதி உயிரை வைத்து ஓட்டை போடவேண்டும். பேச்சு குறைவு. டிரில் ஓடும்போது யார் பேசினாலும் கேட்காது. அதுவே பழகிவிட்டது. (டிரில் ஓடாதபோதும் கேட்காது என்பாள் என் சம்சாரம் பேச்சி.)

நான் சொல்லப்போவது சில வருஷத்துக்கு முன்னால் ஒரு விநாயகர் சதுர்த்தியில் நடந்தது. அப்போது எனக்கு மீசை கறுப்பு. புத்தியும் கொஞ்சம் அப்படித்தான், வெளிச்சம் கம்மி.

எங்கள் சந்தில் மராட்டிக்காரர்கள் அதிகம். தமிழ் வீடு நாலைந்து இருக்கும். சதுர்த்தி வந்தால் பத்து நாளும் சந்து முழுக்கப் பந்தல். பந்தல் பிள்ளையாருக்கு மோதகம் பிடிப்பது பெண்கள் வேலை. அதற்கென்று ஒரு வரிசை உட்காரும். வரிசைக்குத் தலைமை ஷோபா காக்கு. காக்கு என்றால் சித்தி. அவள் சந்துக்கே சித்தி. முழங்காலில் வலி உண்டு. குரலில் கிடையாது.

கல்யாணமாகித் தென்காசியிலிருந்து வந்த வருஷத்திலிருந்தே பேச்சிக்கு அந்த வரிசையில் உட்கார ஆசை. கிடைத்தது தேங்காய் துருவுகிற வேலை. மறு வருஷமும் தேங்காய். அதற்கு மறு வருஷமும். மோதக மாவுப் பக்கம் கை போனால், "பேச்சி, நாரள்!" என்று காக்கு மூலையைக் காட்டுவாள். மூலையில் தேங்காய் மூட்டை இருக்கும்.

மதராசிக் கைக்கு மோதகம் நிற்காது, விண்டுபோகும் என்று அங்கே ஒரு முடிவு. காக்கு சும்மா முடிவு செய்கிற ஆள் இல்லை. மோதகத்தை எடுத்து வயிற்றில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவாள். விண்டால் போச்சு. பேச்சியினுடையது எப்போதோ ஒருதரம் விண்டிருக்கிறது. அது சந்துக்கே மறக்கவில்லை.

பேச்சி விடுகிற ஆளா? அந்த வருஷம் ஆடி மாசம் முழுக்க எங்கள் வீட்டு டிபன் மோதகம்தான். போனில் பார்த்துப் பார்த்து மடிப்பு வைத்தாள். விண்டதை எல்லாம் நான் சாப்பிட்டேன். போகப் போக எனக்குச் சாப்பாடு குறைந்தது. அப்போதே தெரிந்தது, கை தேறிவிட்டது என்று.

சதுர்த்திக்கு மறுநாள் எங்கள் வீட்டு ஆரத்திக்குக் காக்குவையும் வரிசைப் பெண்களையும் கூப்பிட்டாள். அவர்கள் வரவேண்டும். மோதகத்தைக் கையில் எடுக்கவேண்டும். காக்கு அழுத்திப் பார்க்கவேண்டும். வரிசையில் இடம் கிடைக்கவேண்டும். இதுதான் அவள் திட்டம். நல்ல திட்டம். அதில் எனக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை.

நானாகப் போய் ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன்.

இங்கே வீட்டுப் பிள்ளையாரைச் சுற்றி ஜோடனை வைப்பார்கள். தேக்காவா என்று பேர். அது சும்மா நின்றால் மதிப்பு இல்லை, அசையவேண்டும். பக்கத்து வீட்டுப் பவார் அட்டையில் மலை செய்து தண்ணீர் விழ வைத்திருந்தார். எதிர்வீட்டில் ஓர் அட்டை யானை தும்பிக்கையைத் தூக்கித் தூக்கி இறக்கியது. எங்கள் வீட்டில் சீரியல் லைட்டு அணைந்து அணைந்து எரிந்தது.

"என்ன முத்து அண்ணா, இந்த வருஷமும் லைட்டுதானா?" என்றார் பவார். இந்தியில்தான் கேட்டார். தமிழில் கேட்டிருந்தாலும் அதே அளவு குத்தியிருக்கும். ஊரெல்லாம் மெஷின் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் வீட்டில் ஒன்றும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பேச்சியின் தம்பி சங்கரன் வந்தான். ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி. நல்ல பையன். அப்போது கல்யாணம் ஆகவில்லை. பொம்மை வைத்து விளையாடுவான். (கல்யாணம் ஆகாததற்கு அந்தப் பொம்மைதான் காரணம் என்று பேச்சி. கல்யாணம் ஆகாததால்தான் பொம்மைக்கு நேரம் என்று நான்.) பொம்மை என்றால் செங்கல் மாதிரிக் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் பிளாக்ஸ். ஒன்றில் ஒன்றை மாட்டி வண்டி செய்வான். வண்டிக்குள் மோட்டார், பேட்டரிப் பெட்டி. கையில் ரிமோட். லீவுக்கு வந்தவன் அதையும் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். தரையில் விட்டான். அது ஊர்ந்து போய்ப் பிள்ளையார் பீடத்துக்கு முன்னால் நின்றது.

எனக்கு அது வண்டியாகத் தெரியவில்லை.

"மாப்ள, இதுக்கு ஒரு வால் வச்சா?"

"வாலா? எதுக்கு அத்தான்?"

"மூஞ்சூறு. முதுகுல தட்டு. தட்டுல மோதகம். பீடத்துக்கு அடியில இருந்து வரும். காக்கு முன்னால போய் நிக்கும்."

சங்கரனுக்கு வாயெல்லாம் பல். அடுப்படியிலிருந்து பேச்சி தலையை நீட்டினாள்.

"வேண்டாம்."

"இன்னும் முழுசா சொல்லலியே."

"கேட்டுட்டேன். வேண்டாம்."

எங்கள் வீட்டில் ரெண்டு பேருக்குமே பேச்சு குறைவு. அவள் பேசினால் ஒரு சொல்லே போதும். அன்றைக்கு எனக்குப் போதவில்லை.

என் பழைய பேன்ட் சாம்பல் நிறம். அதை வெட்டித் தோல் தைத்தேன். அட்டையில் காது. செத்துப்போன சார்ஜர் ஒயரில் வால். கண்ணுக்குச் சட்டைப் பொத்தான். சங்கரன் தள்ளி நின்று பார்த்தான்.

"எருமை மாதிரி இருக்கு அத்தான்."

"பிள்ளையார் கனம் தாங்கணும்லா."

சோதனைக்கு மோதகம் கேட்டேன். பேச்சி உருளைக்கிழங்கு கொடுத்தாள். வெறும் தட்டை வைத்தால் வண்டி போனது. தட்டில் கிழங்கை வைத்ததும் ஒரு முனகல். நின்றுவிட்டது.

உள்ளே ஆறு பென்சில் செல். செல் இறங்கியிருக்கும் என்று, சுவர்க் கடிகாரம், அலாரம் கடிகாரம், டார்ச் லைட்டு எல்லாவற்றையும் பிரித்துச் செல்லை உருவிப் போட்டேன். முன்னால் முனகிவிட்டு நின்றது, இப்போது முனகாமல் நின்றது. (வீட்டில் மணியும் நின்றுபோனது.)

"அத்தான், பழசையும் புதுசையும் கலக்கக்கூடாது. ஒரு செல் செத்துருந்தா மத்ததையும் அது இழுத்துப்போட்டுரும்." சங்கரன் தன் பையிலிருந்து சார்ஜ் போடுகிற செல் எடுத்துப் போட்டான். கொஞ்சம் நகர்ந்தது. காக்குவிடம் போய்ச் சேர அடுத்த சதுர்த்தி ஆகும்.

"இதுல வோல்ட் கொஞ்சம் கம்மி. நல்ல புது செல் ஆறு, எல்லாம் ஒரே கம்பெனி, அப்படிப் போட்டா சரியா வரும். கூட ரெண்டு பல்சக்கரம் மாத்திருதேன். மோட்டார்ல சின்னது, வீல்ல பெருசு. வேகம் குறையும், இழுவை கூடும்."

"வேகம் குறையுமா?"

"மோதகம் வச்சிருக்க மூஞ்சூறு மெதுவாத்தான அத்தான் வரணும்?"

நியாயமான பேச்சு. முழுசும் காதில் விழுந்தது. ஆனால் மண்டையில் தங்கியது 'வோல்ட் கம்மி' மட்டும்தான். கம்மி என்றால் கூட்டவேண்டியதுதானே. இதற்கு எதற்குப் பல்சக்கரம்?

சங்கரன் செல் வாங்கக் கடைக்குப் போனான். சந்து முனையில் டோல் மேளம் அடிக்கிறவர்கள் வழியை அடைத்து நின்றார்கள். போனவன் வருகிற வழியாக இல்லை. ஆரத்திக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

மூலையில் என் வேலைப் பை. பையில் டிரில். டிரிலுக்கு அடியில் பேட்டரி.

கான்கிரீட்டையே குடைகிற பேட்டரி. ஒரு தட்டு மோதகத்தை இழுக்காதா? பொம்மைப் பெட்டியில் ஒன்பது வோல்ட் என்று போட்டிருந்தது. என் பேட்டரியில் பதினெட்டு. ஒன்பதைவிடப் பதினெட்டு நல்லது. என் கணக்கு அத்தோடு முடிந்தது.

செல்லைக் கழற்றினேன். பேட்டரியிலிருந்து ரெண்டு ஒயர் இழுத்துப் பெட்டிக்குள் கொடுத்தேன். கறுப்பு டேப்பைச் சுற்றினேன். வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்து ரிமோட்டை லேசாகத் தொட்டேன். சர்ர்ர் என்று வீல் சுற்றியது. முன்னால் என்றால் முன்னால், பின்னால் என்றால் பின்னால். உள்ளே ரிமோட் சொல்வதைக் கேட்கிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அது கொஞ்சம் சுட்டது. நல்ல வேலைக்காரன் உடம்பு சுடத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

தரையில் விட்டுப் பார்க்கவில்லை. ஒரு தரம் விட்டுப் பார்த்திருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

பெண்கள் வந்தார்கள். காக்கு முழங்காலுக்காகப் பிளாஸ்டிக் நாற்காலி. மற்றவர்கள் பாயில். அடுப்படியை விட்டால் எங்களுடையது ஒரே அறை, அதிலேயே கட்டில், பீரோ, பிள்ளையார். பவாரும் வாசலில் வந்து நின்றார். எங்கள் வீட்டில் என்ன அசைகிறது என்று பார்க்க வந்திருப்பார்.

பேச்சி பட்டுச்சேலை கட்டியிருந்தாள். முகத்தைப் பார்த்தால் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது. மோதகம் எல்லாம் ஒரே அச்சு. மடிப்பு எண்ணி வைத்த மாதிரி. அதைத் தட்டில் அடுக்கிப் பிள்ளையார் முன்னால் வைத்திருந்தாள். ஆரத்தி பாடி, கைதட்டி, கற்பூரம் காட்டி முடிந்தது. பேச்சி ஒவ்வொருவருக்காகக் குங்குமம் கொடுக்கத் திரும்பினாள்.

நான் தட்டை எடுத்து மூஞ்சூறு முதுகில் வைத்தேன்.

அவள் பார்த்துவிட்டாள். சொல்லவேண்டியதை முன்னாலேயே சொல்லியிருந்தாள்.

பீடத்துத் துணியை விலக்கி மூஞ்சூறு வெளியே வந்தது. காக்கு கையை உயர்த்தினாள். "அரே வா! உந்தீர் மாமா!" மூஞ்சூறுக்கு இங்கே எலி மாமா என்று செல்லப் பேர். பெண்கள் கைதட்டினார்கள். பவார் வாசலிலிருந்து உள்ளே ஓர் எட்டு வைத்தார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். என் வாழ்க்கையில் நான் நெஞ்சை நிமிர்த்திய நேரம் குறைவு. அதுவும் சுருக்கமாக முடிந்தது.

'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். ஒயர் கருகுகிற வாசனை. சொன்னதைக் கேட்கிற அந்தப் பெட்டி அத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டது.

மூஞ்சூறு பாய்ந்தது.

ரிமோட்டில் நிறுத்தினேன். பாய்ந்தது. பின்னால் வா என்றேன். முன்னால் போனது. நேராகப் போய்க் காக்கு நாற்காலிக் காலில் முட்டியது. மூஞ்சூறு நின்றது, தட்டு நிற்கவில்லை. தட்டு விட்ட இடத்திலிருந்து மோதகம் கிளம்பியது. ஒன்று காக்கு மடியில். ஒன்று காலண்டரில். ஒன்று பவார் சட்டையில் பட்டு வாசலுக்கு வெளியே. மற்றது கட்டிலுக்கு அடியில் எங்கெங்கோ.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. முட்டிய வேகத்தில் வண்டி ரெண்டானது. முன்பாதி அடுப்படிக்குப் போனது. பிளாக்ஸ் சோளப்பொரி மாதிரித் தெறித்தது. பின்பாதியில் என் பேட்டரி இருந்தது. வீல் ஒன்று போய்விட்டதால் அது பாயின் நடுவில் பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்தது. தோல் கிழிந்து, வால் சுழன்று சளார் சளார் என்று அடித்தது. பெண்கள் கட்டிலில் ஏறினார்கள். ஏற முடியாத காக்கு ரெண்டு காலையும் நாற்காலி மேலே தூக்கிக்கொண்டாள். அந்த முழங்கால் அவ்வளவு மடங்கும் என்று அன்றுதான் சந்துக்குத் தெரிந்தது.

"தாம்பவ! தாம்பவ!" நிறுத்து என்று கத்துகிறாள். நான் ரிமோட்டை அழுத்திக்கொண்டே நிற்கிறேன். ரிமோட்டில் ஒரு குறையும் இல்லை.

பேச்சி அடுப்படிக்குள் போனாள். மோதகம் அவித்த இட்லிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எலியை அமுக்குகிற மாதிரி மூஞ்சூறு மேலே கவிழ்த்தாள். அதன் மேல் உட்கார்ந்தாள்.

உள்ளே கடகடகடகட என்று சத்தம். மேலே பட்டுச்சேலை. பேச்சி உடம்பு முழுக்க அதிர்கிறது, முகம் மட்டும் அசையவில்லை. முந்தானையைச் சரிசெய்தாள். கட்டில் மேல் நிற்கிற பெண்களைப் பார்த்து மராட்டியில் சொன்னாள்.

"பஸா நா. சஹா டேவ்தே."

உட்காருங்கள், டீ போடுகிறேன்.

யாரும் உட்காரவில்லை. கடகட என்பது கடக் கடக் என்று ஆனது. பிறகு நின்றது. சட்டி ஓரத்திலிருந்து ஒரு நூல் புகை வந்தது. நான் ஈரத் துண்டைக் கொண்டுபோய், அவளை எழுப்பி, பேட்டரி ஒயரைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே வைத்தேன். பவார் வழிவிட்டார். அவர் சட்டையில் தேங்காய்ப் பூரணம் இல்லை, வெள்ளையாக மாவுத் தடம் மட்டும் இருந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

நான் பேச்சியைப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை. ஆடி மாசம் முழுக்க அவிந்த அவள் கை கண்ணுக்குள் வந்தது. இனி அவளுக்கு ஆயுசுக்கும் தேங்காய்தான்.

காக்கு மெதுவாகக் காலை இறக்கினாள். மடியில் கிடந்த மோதகத்தை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் வயிற்றில் அழுத்தினாள்.

"ஃபுட்லா நாஹி," என்றாள். உடையவில்லை.

கட்டிலில் நின்ற ஒரு பெண் காலண்டருக்குக் கீழே கிடந்ததை எடுத்தாள். சுவரில் அடிபட்டது அது. மூக்கு மட்டும் கோணியிருந்தது. உடையவில்லை. இன்னொருத்தி கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். தூசி ஒட்டியிருந்தது. உடையவில்லை. பவார் வாசலிலிருந்து ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஆரத்தி பார்க்கிற மாதிரி எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

காக்கு மடியில் விழுந்ததைச் சாப்பிட்டாள். முழுசும். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பேச்சி, நாளைக் காலையில் வந்துவிடு. மாவு நீ பிசை." பிறகு என் பக்கம் திரும்பினாள். "முத்து, து யேவூ நகோ."

நீ வராதே.

பேச்சி அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. டீ போட அடுப்படிக்குப் போய்விட்டாள். உள்ளே ஏதோ பிளாக்ஸை மிதித்து "ஸ்ஸ்" என்றது மட்டும் கேட்டது.

அப்போதுதான் சங்கரன் வந்தான், கையில் புது செல் பாக்கெட்டோடு. வாசலில் கிடந்த பேட்டரியைப் பார்த்தான். உள்ளே பார்த்தான்.

"அத்தான், வண்டி எங்க?"

"பாதி அடுப்படியில இருக்கு மாப்ள."

பேட்டரியைத் திருப்பிப் படித்தான். "பதினெட்டா போட்டீங்க?"

"ஆமா."

"ரெண்டு மடங்கு அத்தான்."

"அதான் நானும் பாத்தேன்."

பெண்கள் போனபிறகு தரையில் உட்கார்ந்து பிளாக்ஸைப் பொறுக்கினான். நானும் பொறுக்கினேன். மோட்டாரும் அந்தச் சின்னப் பெட்டியும் செத்திருந்தன. அதற்கெல்லாம் வேறு வாங்கிக் கொடுத்தேன். பிளாக்ஸில் மட்டும் சிலது அகப்படவே இல்லை. அதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக என் உள்ளங்காலுக்கு அகப்பட்டது.

எல்லாம் கூட்டிப் பெருக்கி முடித்ததும் பேச்சி என் எதிரில் வந்து நின்றாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"வேண்டாம்னு சொன்ன."

"ம்."

அத்தோடு முடிந்தது. நல்ல திட்டு வாங்கியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

இப்போது பேச்சி அந்த வரிசையில் காக்குவுக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். புதிதாக வருகிற பெண்களின் மோதகத்தைக் காக்கு அழுத்திப் பார்ப்பது இல்லை. "முத்துவைக் கூப்பிடவா?" என்கிறாள். வரிசையே சிரிக்கிறது. புதிதாக வந்த பெண்ணுக்குப் புரியாது. யாராவது ஒருத்தி கதையை ஆரம்பிப்பாள். சொல்லுகிற ஒவ்வொரு தரமும் மூஞ்சூறு கொஞ்சம் பெரிதாகிறது. போன வருஷம் கேட்டபோது அது காக்குவை நாற்காலியோடு தெருவுக்குக் கொண்டுபோய்விட்டது.

சந்து சொல்வது இருக்கட்டும். வீட்டுக்குள் இன்னொன்று உண்டு. நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். சாப்பிடும்போது நான் டிவி ரிமோட்டைக் கையில் எடுத்தால் போதும், சுற்றி இருக்கிறவர்கள் தட்டைக் கையில் தூக்கிக்கொள்வார்கள். சிரிக்கக்கூட மாட்டார்கள். பழக்கமாகிவிட்டது.

சங்கரனுக்குக் கல்யாணம் ஆகி, அந்தப் பெண் முதல்தரம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தது. கோயம்புத்தூர்ப் பெண். அடக்கமான பிள்ளை, தலை நிமிரவில்லை. பேச்சி பரிமாறினாள். எல்லோரும் சும்மா இருக்கிறார்களே, செய்தியாவது போடலாம் என்று நான் ரிமோட்டை எடுத்தேன்.

அந்தப் பெண் குனிந்த தலை குனிந்தபடியே தட்டைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டது.

நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகுதான் அது சாப்பிட்டது.